ஒரு சிலிண்டர் மட்டும் கரி கட்டினால் செய்யக் கூடாதவை

பழைய நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு கார்புரேட்டர்கள் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கருவி). பிளக்குகளைக் கழற்றினால் மூன்று வெளிர்பழுப்பு, ஒன்று மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது போன பெட்ரோல் எரியவில்லை. இந்த நிலையில் புதிதாகக் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள் வியக்கும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. பாதி நானும் ஒரு காலத்தில் செய்தவை என்பதால் பொறுமையாகவே சொல்கிறேன். ஒன்றைப் பற்றி மட்டும் அந்தப் பொறுமை வராது. அது கீழே வருகிறது.

சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் அமைப்பு) திரும்பத் தள்ள மறப்பது, பழைய பெட்ரோலை வைத்துக்கொண்டு போராடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல ஓர் ஆள் தேவையில்லை.

கரியைப் பார்த்ததும் கார்புரேட்டர்மீது பழி போடுவது

பிளக்கின் கருமை இரண்டு விதம். உலர்ந்த, பளபளப்பில்லாத கரி என்றால் எரியாத பெட்ரோல். ஈரமாக, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் வழியே எண்ணெய் உள்ளே வருகிறது. இரண்டாவதற்கும் கார்புரேட்டருக்கும் தொடர்பே இல்லை.

உலர்ந்த கரியாக இருந்தாலும் அவசரப்படக் கூடாது. சோக் போட்டு ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே சற்று நேரம் ஓடவிட்டுக் கழற்றினால் எந்த பிளக்கும் கருப்பாகத்தான் இருக்கும். நல்ல பிளக்கைப் போட்டு, வண்டியைச் சூடேற்றி, கோளாறு தெரியும் அந்த வேகத்தில் சிறிது தூரம் சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடி இன்ஜினை நிறுத்திப் பிறகு பாருங்கள். பழைய கையேடுகளில் வரும் சாக்லேட் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் படம். இன்றைய பெட்ரோலில் நல்ல பிளக்கும் வெளிறித்தான் இருக்கும். படத்தோடு ஒப்பிடுவதைவிட, பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

பொறி பலவீனமாக இருந்தாலும் இதே கரி வரும். பிளக்கை இடம் மாற்றிப் போடுங்கள். பிறகு பிளக் கேப்பை மாற்றுங்கள். கேப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டர் பெரும்பாலும் 5 கிலோ ஓம். மீட்டரில் அதைவிடப் பல மடங்கு காட்டினால், அல்லது எதுவுமே காட்டாவிட்டால், கேப்பைத் தூக்கிப் போடலாம். 1969இல் வந்த ஹோண்டா சிபி 750 முதல் பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் 1, 4 சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரு காயில் (பொறிக்கு மின்சாரம் தருவது), 2, 3 இரண்டுக்கும் இன்னொரு காயில். ஆகவே ஜோடியாக இரண்டு பிளக்குகள் கருத்தால் காயில் பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும் கருத்தால் பிளக், கேப், ஒயர். கம்ப்ரஷனையும் டேப்பட் (வால்வு) இடைவெளியையும் அளந்துவிடுங்கள். இடைவெளி இல்லாமல் வால்வு சரியாக மூடாத சிலிண்டர் எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் ஒழுங்காக எரிக்காது.

நான்கையும் ஒன்றாகப் பிரித்துப் போடுவது

பொறுமை வராது என்று சொன்னது இதைத்தான்.

ஒரு சிலிண்டர் கெட்டிருக்கிறது, மூன்று நன்றாக இருக்கின்றன. அந்த மூன்றும்தான் உங்களிடம் உள்ள சாட்சிகள். ஒழுங்காக வேலை செய்யும் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது, பெட்ரோலை அளந்து விடும் ஊசி எந்தப் பள்ளத்தில் மாட்டியிருக்கிறது, சோக் வழியை மூடும் பிளஞ்சரின் நுனி ரப்பர் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் அவை சொல்லும். ஆனால் பலர் முதல் நாளே நான்கையும் கழற்றி, ஒரே தட்டில் கொட்டி, ஊறவைத்து, கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) வாங்கி உள்ளே உள்ள பித்தளை முழுவதையும், அதாவது ஊசி, ஜெட் (பெட்ரோல் போகும் அளவான துளையுள்ள பாகம்) எல்லாவற்றையும், மாற்றிவிடுகிறார்கள். இருந்த சாட்சிகளும் போயின.

அப்படி ஒரு தம்பி வந்தார். மூன்றாவது சிலிண்டர் கரி கட்டியதாம். நான்கு கார்புரேட்டர்களுக்கும் கிட் போட்டிருந்தார். இப்போது நடு வேகத்தில் நான்குமே கரி கட்டின. மூன்றாவது மட்டும் முன்பைவிட மோசம். "பழைய ஊசி, ஜெட் எல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "பழசுதானே அண்ணா, குப்பையில் போட்டுவிட்டேன்" என்றார். வண்டியோடு பிறந்த பாகங்கள் அவை. பல மாடல்களுக்கு இன்று புதிதாகக் கிடைப்பதில்லை.

கிட் ஊசியால் ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு திருப்புவதிலிருந்து முக்கால் பங்கு திருப்பும் வரை பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது ஊசிக்கும் அது இறங்கி நிற்கும் நீடில் ஜெட்டுக்கும் நடுவே இருக்கும் வளைய இடைவெளி. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே கலவை மாறிவிடும். மலிவான கிட்டில் வரும் ஊசியின் நீளம் சரியாக இருக்கும்; அது கூம்பும் விதம் சரியாக இருக்காது. ஜெட்டில் பொறித்த எண் ஒன்றாக இருக்கும், துளை வழியே போகும் அளவு ஒன்றாக இருக்காது. கார்புரேட்டர் நிறுவனங்களான மிக்குனியின் எண்ணும் கெய்ஹினின் எண்ணுமே ஒரே அளவுமுறை இல்லை. அப்படியிருக்க, பெயரில்லாத கிட்டின் எண்ணை எதை வைத்து நம்புவது? கிட்டில் உள்ள ரப்பர் வளையங்களையும் கேஸ்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே தேய்ந்தது என்று அளந்து தெரிந்தால் ஒழிய, பித்தளையைத் தொடாதீர்கள். அப்போதும் பழையதைப் பெயர் எழுதிய பொட்டலத்தில் வையுங்கள்.

அந்தத் தம்பியின் மூன்றாவது சிலிண்டருக்கு வருகிறேன். கோளாறு கார்புரேட்டரில் இல்லவே இல்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து பல ஜப்பானிய வண்டிகளில் இன்ஜின் ஓடினால் மட்டும் திறக்கும் வேக்குவம் பெட்ரோல் டேப் உண்டு. அதற்கான இழுவிசை ஒரு சிறிய ரப்பர் குழாய் வழியே ஒரே ஒரு சிலிண்டரின் இன்டேக்கிலிருந்து வருகிறது. டேப்புக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால், பெட்ரோல் அந்தக் குழாய் வழியாகவே நேராக அந்தச் சிலிண்டருக்குள் போகும். ஜெட்டும் இல்லை, ஊசியும் இல்லை, அளவும் இல்லை. குழாயின் டேப் பக்க முனையைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் நின்றது. காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாய் அது. இதைப் பார்க்க ஸ்பேனர்கூட வேண்டாம். டேப்புக்கு ஒரு டயாஃபிரம் போட்டதும் மூன்றாவது சரியானது. நான்கிலும் இருந்த கிட் கோளாறு அப்படியே இருந்தது. பொருத்தமான பழைய ஊசிகளைத் தேடி அவர் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

சரியான வழி இதற்கு நேர் எதிரானது. முதலில் கோளாறு ஆக்சிலரேட்டரின் எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று கவனியுங்கள். ஐடிலிலும் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது) கால் திருப்பம் வரையிலும் என்றால் பைலட் (குறைந்த வேகப் பெட்ரோல் வழி) பக்கமும் சோக்கும். நடுவில் என்றால் ஊசி. முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். எங்கும் ஒரே மாதிரி என்றால் மிதவை இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்திருக்கலாம். அதைக் கார்புரேட்டரைப் பிரிக்காமலே அளக்கலாம். கிண்ணத்தின் வடிகால் முனையில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கார்புரேட்டரை ஒட்டி மேலே தூக்கிப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்தினால் உள்ளே உள்ள மட்டம் குழாயில் தெரியும். வண்டி நேராக நிற்க வேண்டும். நான்கையும் இப்படிப் பாருங்கள். ஒன்று மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் தேடல் அங்கேயே முடிந்தது.

மட்டம் உயர்ந்தால் எல்லோரும் மிதவை ஊசியை (மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வழியை அடைப்பது; மேலே சொன்ன ஊசி வேறு) மாற்றுவார்கள். மாற்றியும் வழிந்தால் இன்னொன்று வாங்கி மாற்றுவார்கள். ஊசி அமரும் இருக்கையைச் சுற்றிப் பல கார்புரேட்டர்களில் ஒரு சிறு ஓ ரிங் உண்டு. அது காய்ந்து இறுகிவிட்டால் பெட்ரோல் ஊசியைத் தொடாமலே இருக்கையின் வெளிப்புறமாக நழுவி இறங்கும். ஊசியில் குறையே இருக்காது. மிதவையையும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது இனி மிதக்காது.

சந்தேகமுள்ள பாகத்தைப் பக்கத்துக் கார்புரேட்டரோடு ஒரு முறைக்கு ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். கோளாறு அதன் பின்னாலேயே போனால் பிடித்துவிட்டீர்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது என்று தெரியாது.

அழுக்கு என்றால் பெட்ரோல் குறையும் என்று நினைப்பது

பெட்ரோல் வழி அடைத்தால் குறையும். காற்று வழி அடைத்தால் கூடும். கார்புரேட்டரின் வாய்ப்பக்கம் உள்ள சிறு காற்று ஜெட்டுகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே பெட்ரோலில் காற்றைக் கலக்கும் பித்தளைக் குழாயின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகளும் அப்படியே. அவை அடைபட்டால் பெட்ரோலோடு காற்று கலப்பது குறைந்து, கலவை தடித்துவிடும்.

சோக் பிளஞ்சர்

கைப்பிடி மூடியிருக்கிறது என்பதால் உள்ளே மூடியிருக்கிறது என்று பொருளில்லை. நுனி ரப்பரைப் பாருங்கள்.

ஜெட்டுக்குள் கம்பி விடுவது

கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகும்.

ஏர் ஃபில்டரை மாற்றுவது

நான்குக்கும் பொது. இந்தக் கோளாறுக்கு அதனால் பயனில்லை.

திருகைத் திருகி மறைப்பது

பைலட் திருகை உள்ளே திருகி, அல்லது அந்த ஒன்றுக்கு மட்டும் சிறிய மெயின் ஜெட் போட்டு, பிளக்கை வெளுக்க வைப்பவர்கள் உண்டு. இத்தனை ஆண்டுகள் சரியாக ஓடிய ஜெட் திடீரென்று பெரிதாகிவிடவில்லை. வேறெங்கோ கசிகிறது. பைலட் திருகு ஐடிலையும் அதற்குச் சற்று மேலேயும் மட்டுமே ஆள்கிறது. கசிவை அது நிறுத்தாது. திருகு இன்ஜின் பக்கம் இருந்தால் பொதுவாக அது பெட்ரோல் திருகு, வெளியே திருப்பினால் கலவை தடிக்கும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் மெலியும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேக்குவம் கேஜ் வைத்து நான்கையும் சமன்செய்வதும் கோளாறு தீர்ந்த பிறகுதான். சரியாக எரியாத சிலிண்டரை வைத்துச் சமன்செய்தால் நல்லவை மூன்றும் அதற்கேற்பக் கெட்டுப்போகும்.

பிறகு பார்க்கலாம் என்று ஓட்டுவது

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எண்ணெய்க் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

இதைவிட மோசமானது, இரவு முழுவதும் கசிந்து சிலிண்டர் நிரம்பிவிடுவது. திரவம் அமுங்காது. காலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையலாம். ஸ்டார்ட்டர் ஒரு முறை இடித்து நின்றுவிட்டால் மறுபடியும் அழுத்தாதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனை அணைத்தபடியே இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெட்ரோல் பிளக் துளை வழியே வெளியேறும்போது பக்கத்தில் ஒரு பொறி வந்தால் தீப்பிடிக்கும். எண்ணெயைக் கசிவு நின்ற பிறகே மாற்றுங்கள். முதலில் மாற்றினால் புதிய எண்ணெயிலும் பெட்ரோல் கலந்து, திரும்ப ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.