முதல் திகில் குறும்படத்தைத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்புவது எப்படி?

படம் முடிந்த இரவே கண்ணில் பட்ட விழாக்களுக்கெல்லாம் அனுப்பிவிடக் கை துறுதுறுக்கும். என் முதல் குறும்படத்தை அப்படித்தான் அனுப்பினேன். நுழைவுக் கட்டணம் கரைந்ததுதான் மிச்சம். இரண்டாவது படத்துக்கு நான் பின்பற்றிய வரிசை இது.

படி 1: நீளத்தைக் குறையுங்கள்

ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால், விழாவில் படங்களைத் தொகுப்பவரின் கணக்கு வேறு. ஒன்றரை மணி நேரத் தொகுப்பில் 9 நிமிடப் படங்கள் பத்து அடங்கும். 27 நிமிடப் படம் ஒன்று உள்ளே வந்தால் மூன்று படங்கள் வெளியே போக வேண்டும். அந்த மூன்றையும் விட உங்கள் படம் நன்றாக இருக்கிறதா?

என்னுடையது முதலில் 19 நிமிடம் ஓடியது. கதவைத் தாழிட்டோமா என்ற சந்தேகத்தில் ஒரு பெண் நள்ளிரவில் எழுந்து வருகிறாள். அவள் கூடத்தைக் கடப்பதற்கே 50 விநாடி கொடுத்திருந்தேன்; பயம் மெல்ல ஏறட்டும் என்ற நினைப்பு. படத்தொகுப்பாளர் அந்த நடை முழுவதையும் வெட்டிவிட்டு, அவள் விரல் தாழ்ப்பாளைத் தொடும் இடத்தில் காட்சியைத் தொடங்கினார். தாழ்ப்பாள் போட்டபடியேதான் இருக்கிறது. ஆனால் ஈரமாக இருக்கிறது. அவ்வளவுதான், 11 விநாடி. இரண்டு நாள் அவருடன் சண்டை போட்டேன். பிறகு அதே கத்தரியை மற்றக் காட்சிகளிலும் வைத்தோம். படம் 9 நிமிடத்தில் நின்றது.

படி 2: ஒலியையும் வசனவரிகளையும் சரிசெய்யுங்கள்

தேர்வுக்குழுவினர் பெரும்பாலும் மடிக்கணினியில்தான் பார்ப்பார்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள். வசனம் இரைச்சலில் அமிழ்ந்தால் நிறுத்திவிடுவார்கள். ஆங்கில வசனவரிகளை ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பேய் பேசும் இடத்தில் எழுத்துப்பிழை வந்தால் அரங்கமே சிரிக்கும். இணையத்தில் எடுத்த இசைக்கு எழுத்துப்பூர்வ அனுமதி இல்லையென்றால் அதை நீக்கிவிடுங்கள்.

படி 3: படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்

கடவுச்சொல் வைத்த இணைப்பு போதும். முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று சில விழாக்கள் கேட்கும். முழுநீளப் படங்களுக்கு இதில் கண்டிப்பு அதிகம். நண்பர்கள் பார்க்கட்டும் என்று என் முதல் படத்தை ஒரே ஒரு வாரம் யூடியூபில் திறந்து வைத்திருந்தேன். ஒரு விழா அதைக் கண்டுபிடித்து, மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டது.

படி 4: விழாக்களைத் தேர்ந்தெடுங்கள்

திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற விழாக்கள் சில உண்டு. ஸ்பெயினின் சிட்ஜஸ் விழா 1968-இல் தொடங்கியது, அக்டோபரில் நடக்கிறது. மாண்ட்ரீலின் ஃபேண்டேசியா 1996-இலும், தென்கொரியாவின் புச்சான் 1997-இலும், லண்டனின் ஃப்ரைட்ஃபெஸ்ட் 2000-இலும், லாஸ் ஏஞ்சலஸின் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் 2001-இலும் பிறந்தவை. இவற்றில் இரண்டுக்கு அனுப்புங்கள். மீதிப் பணத்தைச் சிறிய, நடுத்தர விழாக்களில் போடுங்கள். எங்கும் அனுப்பும் முன், அந்த விழா கடந்த மூன்று ஆண்டுகளில் திரையிட்ட குறும்படங்களின் பட்டியலைப் படியுங்கள். இரத்தம் தெறிக்கும் படங்களாகவே எடுப்பவர்களுக்கு உங்கள் ஈரத் தாழ்ப்பாள் வேண்டியிராது.

மாதந்தோறும் விருது வழங்கும் 'விழா'க்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். திரையரங்கின் பெயர் இல்லை, பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் ஒரு புகைப்படமும் இல்லை, ஆனால் விருதுப் பிரிவுகள் மட்டும் எண்பது என்றால் அது விருது விற்கும் கடை.

படி 5: விண்ணப்பியுங்கள்

பெரும்பாலான விழாக்கள் ஃபில்ம்ஃப்ரீவே தளத்தின் வழியாகப் படங்களைப் பெறுகின்றன. கடைசித் தேதி நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். முதல் கட்டத்திலேயே அனுப்பினால் பணம் மிச்சம். கட்டண விலக்கு கேட்டு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுவதில் தவறில்லை, சிலர் தருவார்கள். கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம், முடிவைச் சொல்லவும் வேண்டாம். விழா மலரில் வரப்போவது உங்கள் ஸ்டில்தான். அதைப் படப்பிடிப்பிலேயே தனியாக எடுத்துவிடுங்கள். காணொளியிலிருந்து பிடித்த சட்டகம் அச்சில் குழம்பிப்போகும்.

படி 6: தேர்வான பின்

டிசிபி என்ற, திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் கோப்பைக் கேட்பார்கள். அதை முன்கூட்டியே ஏதாவது ஓர் அரங்கில் ஓட்டிப் பாருங்கள். கணினியில் தெரிந்த இருட்டுக் காட்சி பெரிய திரையில் வெறும் கறுப்பாகிவிடக்கூடும்.

முடிந்தால் நேரில் போங்கள். குறும்படம் வாசல்தான். டேவிட் எஃப். சாண்ட்பெர்க் ஒரு போட்டிக்காக 2013-இல் எடுத்த, மூன்று நிமிடம்கூட ஓடாத 'லைட்ஸ் அவுட்' 2016-இல் அவர் இயக்கத்திலேயே முழுநீளப் படமானது. ஃபேண்டேசியாவில் ஃப்ரொண்டியேர், புச்சானில் நாஃப் என்று, எடுக்கப்படாத திகில் படங்களுக்குத் தயாரிப்பாளர் தேடும் சந்தைகளும் உண்டு. திரையிடல் முடிந்து வெளியே வந்ததும் யாராவது கேட்கும் முதல் கேள்வி 'அடுத்து என்ன?' என்பதுதான். முழுநீளக் கதையின் ஒரு பக்கச் சுருக்கம் அப்போது பையில் இருக்க வேண்டும். என் பையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது.