என்இபி அளவுகோலில் எதிர்க் கூற்றுகளைத் திருப்புவது எப்படி? (எம்.எஸ்சி. ஆய்வேடு எழுதுபவர்களுக்கு)

சுற்றுச்சூழல் உளவியலில் ஆய்வேடு எடுத்தால் எப்படியும் என்இபி (நியூ எக்காலஜிக்கல் பாரடைம்) அளவுகோலில் வந்து நிற்பீர்கள். டன்லப்பும் வான் லியரும் 1978-இல் 12 கூற்றுகளோடு வெளியிட்டது, 2000-இல் திருத்தப்பட்டு 15 ஆனது. இயற்கையோடு மனிதருக்குள்ள உறவை ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொதுவாக அளக்கும். என் ஆய்வு கடைக்குத் துணிப்பை எடுத்துப்போகும் பழக்கம் பற்றியது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 கடைசியில் மஞ்சப்பை இயக்கமும் வந்த பிறகு யார் பை எடுத்துப்போகிறார்கள், யார் போவதில்லை என்று பார்த்தேன்.

கைடு ஒப்புதல், நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் முடிந்து பதில்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் ஒன்றே ஒன்று: கூகுள் ஃபார்ம்ஸில் கட்டம் கட்டமாக வரும் கேள்வி வகையைத் தொடாதீர்கள். சின்ன போனில் வலது ஓரப் பதில்கள் மறைந்துவிடும், பதில் தலைப்புகளைச் சொற்களாக எழுதியிருந்தால் கோப்பிலும் எண்ணுக்குப் பதில் வாக்கியமாக வந்து விழும். 1 முதல் 5 வரை ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் லீனியர் ஸ்கேல் போதும்.

1. மூலக் கோப்பைப் பூட்டுங்கள்

இறக்கிய கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, பெயரில் 'மூலம்' என்று போட்டு ஓரமாக வையுங்கள். வேலையெல்லாம் இன்னொரு பிரதியில்.

2. இரட்டைப்படைக் கூற்றுகளைத் திருப்புங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். 15-இல் ஒற்றைப்படை எண்ணுள்ள 8 கூற்றுகளுக்கு 'ஆம்' என்றால் சூழல் சார்பு. இரட்டைப்படை எண்ணுள்ள 7 கூற்றுகளுக்கு 'இல்லை' என்றால்தான் சூழல் சார்பு. உதாரணமாக 13-ஆவது, இயற்கையின் சமநிலை எளிதில் குலையும் என்கிறது. 8-ஆவதோ, தொழில்வள நாடுகளின் பாதிப்பையும் தாங்கும் அளவுக்கு அது வலுவானது என்கிறது. இரண்டுக்கும் கிடைத்த 5-ஐ (5 என்றால் முழுச் சம்மதம்) அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று அடித்துவிடும், ஆல்பா (கூற்றுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா எண்) தரைமட்டத்துக்குப் போகும், சில சமயம் மைனஸில்கூட வரும்.

திருப்பும் கணக்கு சுலபம்தான். 1 முதல் 5 வரையுள்ள அளவு என்றால் 6-இலிருந்து பதிலைக் கழித்தால் போதும்: 5 என்பது 1 ஆகும், 2 என்பது 4 ஆகும், 3 அப்படியே நிற்கும். பழைய நெடுவரிசையை அழிக்காமல் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டு, பெயரோடு 'திருப்பியது' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஒருவர் பதில் சொல்லாமல் விட்ட கட்டத்தில். எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டுமே காலிக் கட்டத்தைக் கழித்தலில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், 6-இலிருந்து 0 போக 6 என்று எழுதிவிட்டுப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது, பதிலே சொல்லாத மனிதர் இயற்கையின் தீவிர ஆதரவாளராகி உங்கள் சராசரியில் உட்கார்ந்துகொள்வார். அதனால் 'காலியாக இருந்தால் காலியாகவே விடு, இல்லையென்றால் 6-இலிருந்து கழி' என்று நிபந்தனையோடு ஃபார்முலா எழுதுங்கள். முடித்ததும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண் இரண்டையும் பாருங்கள். எங்காவது 6 எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

3. ஆல்பா

புள்ளியியல் கணக்குக்கு நான் ஜமோவிதான் பரிந்துரைப்பேன். இலவசம், நேர்மையான மென்பொருள், எஸ்பிஎஸ்எஸ்ஸுக்காகக் கள்ளப் பிரதி தேடி அலையவேண்டிய அவசியமே இல்லை. அதன் ரிலையபிலிட்டி பகுதியில், திருப்பவேண்டிய கூற்றுகளைப் போட ஒரு பெட்டி இருக்கும். நீங்கள் ஏற்கெனவே திருப்பிய நெடுவரிசைகளைக் கொடுத்திருந்தால் அந்தப் பெட்டியில் எதையும் போடாதீர்கள். போட்டால் இரண்டு முறை திரும்பிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். மறுபுறம், பெட்டியை மட்டும் நம்பினால் ஆல்பா அழகாக வரும், ஆனால் உங்கள் மூல நெடுவரிசைகள் மாறியிருக்காது, பிறகு அவற்றை வைத்துச் சராசரி எடுத்தால் மதிப்பெண் தப்பு. ஆய்வேட்டில் ஆல்பா சரியாக இருப்பதால் தேர்வாளரும் சந்தேகப்படமாட்டார்.

கடைவாசலில் கையில் காய்கறிப் பையோடு நின்று 15 கூற்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னவர்களின் கருத்து தலைகீழாகப் பதிவாவதை என்னால் ஏற்கமுடியாது. அதனால்தான் இந்த ஒரு படியை இத்தனை நீட்டி எழுதுகிறேன்.

4. ஒரே மாதிரி டிக் அடித்தவர்கள்

திருப்புவதற்கு முந்தைய கோப்பில் எல்லாவற்றுக்கும் 5 போட்ட வரிசைகளைத் தேடுங்கள். 8-க்கும் 13-க்கும் சேர்த்து 5 போட்டவர் படிக்காமல் அடித்திருக்கலாம், அல்லது கேட்பவர் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கலாம். யாரை நீக்குவது என்ற விதியை முடிவுகளைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்து, எத்தனை பேரை நீக்கினீர்கள் என்பதையும் ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: 7 புள்ளி அளவு வைத்திருந்தால் 8-இலிருந்து கழிக்கவேண்டும். இதைப் பலர் கேட்டார்கள்.

பின்சேர்க்கை 2: "எல்லாம் சரியாகச் செய்தும் என்இபிக்கும் பை எடுத்துப்போவதற்கும் தொடர்பு ரொம்பக் குறைவாக வருகிறது, எங்கோ தப்பா?" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். தப்பில்லை அம்மா. என்இபி உலகப் பார்வையை அளக்கிறது, நீங்கள் கேட்பதோ ஒரு குறிப்பிட்ட செயல். மனப்பான்மையும் செயலும் ஒரே அளவு குறிப்பாக இருந்தால்தான் தொடர்பு வலுவாகும் என்று உளவியலாளர்கள் அய்சனும் ஃபிஷ்பைனும் 1977-லேயே எழுதிவிட்டார்கள். அடுத்த சுற்றில், "கடைக்குப் பை எடுத்துப்போவது எனக்குத் தொந்தரவு", "என் தெருவில் பெரும்பாலோர் பை எடுத்துப்போகிறார்கள்" போன்ற நேரடிக் கூற்றுகள் நாலைந்து சேருங்கள். ஆள் கணக்கையும் முன்பே போடுங்கள்: 0.3 அளவு தொடர்பைப் பிடிக்கச் சுமார் 85 பேர் போதும், 0.2 என்றால் 195 பேர் வரை வேண்டும் (வழக்கமான 80 சதவீதத் திறன், அதாவது தொடர்பு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு; 5 சதவீத முக்கியத்துவ மட்டம்). ஜி பவர் என்ற இலவச மென்பொருள் இதைச் சொல்லிவிடும்.