பொமரேனியன் குட்டி வீட்டுக்கு வந்தால்: மணி பார்த்து வளர்க்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் பொமரேனியன் குட்டி வந்தாலும் முதலில் கேட்பது, "என்ன சாப்பாடு போடறது?" என்றுதான். அதைவிட முக்கியமானது, எத்தனை மணிக்கு ஒரு தடவை போடுகிறோம் என்பது. அசல் பொமரேனியன் முழுதாக வளர்ந்தாலே மூன்று கிலோ சுமார்தான். குட்டியாக இருக்கும்போது பட்டினியைத் தாங்க உடம்பில் சேமிப்பு எதுவும் இருக்காது.

முதலில் சாப்பாடு

8 வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். வந்ததும் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று ஐந்து வேளை வைத்துக்கொள்ளுங்கள். 3 மாதம் முடிந்தபின் மெல்லக் குறைக்கலாம். குட்டிகளுக்கான உலர் உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் போதும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்.

எங்கள் குட்டி வந்த நான்காம் நாள், அசந்து தூங்குகிறதே என்று ராத்திரி பத்து மணி வேளையை விட்டுவிட்டோம். விடிகாலையில் நிற்க முடியாமல் தள்ளாடியது, உடம்பெல்லாம் நடுக்கம், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. விரலில் தேன் தொட்டு ஈறில் தடவினோம், கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியது. அப்படியே மடியில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அன்றைக்குப் பட்ட பயம் யாருக்கும் வேண்டாம். வீட்டில் ஒரு பாட்டில் தேன் எப்போதும் இருக்கட்டும். சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

அப்புறம் உச்சா பழக்கம்

இதற்கும் கடிகாரம்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். பின்கட்டோ, பேப்பர் விரித்த மூலையோ, இடம் மாறக் கூடாது. 2 மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரம் அடக்குவதே கஷ்டம். போய் முடித்த அந்த நொடியே பாராட்டி, சுண்டு விரல் நக அளவு வேகவைத்த கோழித் துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

கூடத்தில் போய்விட்டதா? அதன் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குட்டி கற்றுக்கொள்வது உங்களைப் பார்த்துப் பயப்படுவதையும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போவதையும்தான். வினிகர் கலந்த தண்ணீரால் வாசனை போகத் துடைத்துவிடுங்கள். ஃபினாயில் பட்ட பாதத்தைக் குட்டி நக்கும், ஆகாது.

கழுத்தும் காலும்

கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் மென்மையானது, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் சரி. சோபாவிலிருந்து குதிக்க விடவும் வேண்டாம். முழங்கால் சில்லு விலகுவது இவற்றுக்கு அடிக்கடி வரும் தொந்தரவு.

தடுப்பூசியும் வெளியுலகமும்

6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசிகள் 16 வாரம்வரை போகும். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். குட்டிகளுக்கு உயிருக்கே ஆபத்தான வாந்தி, பேதியை உண்டாக்கும் பார்வோ கிருமி தெரு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் ஊசிகள் முடியும்வரை தெருவில் தரையில் இறக்கி விடாதீர்கள். அதற்காக வீட்டிலேயே அடைக்கவும் கூடாது. முதல் மூன்றரை மாதத்தில் பழகாத சத்தங்களுக்குப் பிறகு காலம் முழுக்கப் பயப்படலாம். நாங்கள் சாயங்காலம் சில்வர் பீச்சுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அலைச் சத்தம், பஸ் ஹாரன், குழந்தைகள் கூச்சல் எல்லாம் கையிலிருந்தபடியே பழகிவிட்டது.

மே மாத வெயிலுக்கு முடியை மொட்டையாக வழிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பொமரேனியனின் இரட்டை அடுக்கு முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது, வழித்தால் சில நாய்களுக்குத் திரும்பச் சரியாக வளர்வதில்லை. தினமும் அடிவரை சீவி, உதிர்ந்த முடியை எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே குளிர்ந்த தரையில் படுக்க விடுங்கள்.