பால்வாடி பூட்டியிருந்தால் பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பது?

2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது, எங்கள் அங்கன்வாடியைப் பூட்டிச் சாவியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தென்காசிப் பக்கம் சின்ன ஊர், 22 பிள்ளைகள். பதினைந்து நாளில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்து, தரையில் விரித்த பாயைக்கூடச் சுருட்டவில்லை. திறக்க ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதுவரை சத்துமாவு பாக்கெட் கொடுக்க வீடு வீடாகப் போனால் எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான்: "டீச்சர், எல்லாம் மறந்துட்டான். என்ன எழுதச் சொல்லணும்?"

எழுதச் சொல்லாதீர்கள். மூன்று, நான்கு வயதில் விரலுக்கு இன்னும் அந்தப் பிடி வந்திருக்காது. முதலில் விரலுக்கு வேலை கொடுங்கள். அந்தச் சத்துமாவே போதும். வெல்லத்தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடிக்கிற வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். முதல் நாள் பாதி மாவு தரையில்தான் கிடக்கும். நாலாம் நாள் உருண்டை நிற்கும். "தாத்தாவுக்குப் பெருசு, எனக்குச் சின்னது" என்று அதுவே வரிசையும் வைக்கும். முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, ஈரத்துணி பிழிவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். அப்புறம் வாசலில் நாலு கோலப்புள்ளி வைத்து, இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்து கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளைக்கு 'அ'வில் தொடங்காதீர்கள். அத்தனை சுழி பெரியவர்களுக்கே ஒழுங்காக வராது. 'ட' என்றால் கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. அடுத்து ப, ம. இந்த மூன்றையும் வைத்தே படம், மடம், பட்டம் வரை போய்விடலாம்.

எண்ணுவதில்தான் பெற்றவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பையன் இருபது வரை தடதடவென்று சொல்வான். அவன் அம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. "நாலு புளியங்கொட்டை எடுத்துக் குடுடா" என்றேன். கைநிறைய அள்ளி நீட்டினான். அவனுக்குத் தெரிந்தது எண்ணிக்கை இல்லை, பாட்டு. ஒரு கொட்டையை நகர்த்தினால் ஒரு எண் சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் "ஆளுக்கு ஒரு தட்டு வை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அக்கா கடைக்குப் போயிருந்தால் ஒரு தட்டு மிஞ்சும். ஏன் மிஞ்சியது என்று அதுவே சொல்லட்டும்.

எண்ணுவதற்குக் குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடித்து மென்றால் விஷம். மூன்று வயதுக்குக் கீழே எந்தக் கொட்டையும் கையில் தராதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை காய்ந்த பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டது. உள்ளேயே ஊறிப் பெருத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் அம்மாக்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? கைதானே வேலையில் இருக்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது என்பேன். பீடித் தட்டையும் புகையிலைத் தூளையும் விட்டுப் பிள்ளையைத் தள்ளி உட்காரவையுங்கள். அந்தத் தூசி அதன் மூச்சுக்குள் போகக் கூடாது. நரிக்கதை ஒன்றைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் நரி எங்க போச்சு?" என்று கேளுங்கள். "பஸ் ஏறி சங்கரன்கோவில் போச்சு" என்று பதில் வந்தால் திருத்த வேண்டாம். டிக்கெட் யார் எடுத்தது என்று கேளுங்கள்.

போன் விஷயத்தில் நானும் தப்புச் செய்தேன். முதல் மாதம் முழுக்கப் பாட்டு வீடியோ அனுப்பினேன். பாதி வீட்டில் போன் அப்பாவோடு வெளியே போய்விட்டது. போன் இருந்த வீட்டில் பிள்ளை ராத்திரிவரை அதிலேயே கிடந்தது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லியிருந்தது. வீடியோவை நிறுத்திவிட்டு, மாவு கொடுக்கப் போகிற வீட்டில் வாசலில் தள்ளி நின்றே ஒரு பாட்டுப் பாடிவிட்டு வந்தேன்.

திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பத்து நாள் முன்பே காலை எழும் நேரத்தைப் பழக்குங்கள். சித்தியிடமோ பக்கத்து வீட்டிலோ அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு வந்தால் வாய்விட்டுக் கேட்க வேண்டும், தன் கையால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மையம் திறந்த முதல் வாரம் ஒரே அழுகை. ஒருத்தி மட்டும் அழவில்லை. அம்மாவின் பழைய சேலைக் கிழிசலைக் கையில் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நானும் அதைக் கேட்டு வாங்கவில்லை.