தேக்கு டேபிள்ல தண்ணி வட்டம் விழுந்துட்டா என்ன பண்ணலாம்

வார்னிஷ் அடிக்காம வெறும் எண்ணெய் மட்டும் தேய்ச்ச டேபிள் பாக்க அழகுதான், ஆனா அடில ஈரத்தோட டம்ளர வெச்சு மறந்தா வட்டம் விழுந்துடும். இதுல ஒரு வசதி, மொத்த டேபிளையும் சுரண்ட வேண்டாம், கறை பட்ட எடத்த மட்டும் சரி பண்ணிக்கலாம்.

மொதல்ல கறை என்ன கலர்னு பாருங்க. வெள்ளையா மங்கலா இருந்தா ஈரம் மேலாப்புலதான் நிக்குது, ரெண்டு நாள் ஃபேன் காத்துல விட்டாலே பல சமயம் போயிடும். போகலன்னா 220 நம்பர் உப்புத்தாள் வாங்கி ரேகை ஓடுற பக்கமாவே லேசா தேய்ங்க, குறுக்க தேய்ச்சா அந்த கீறல் எண்ணெய் போட்டதும் பளிச்சுனு தெரியும். அந்த எடத்துலயே அழுத்தி தேய்க்காம சுத்தி கொஞ்சம் அகலமா தேய்ங்க, இல்லன்னா பள்ளம் விழுந்துடும்.

கறை கருப்பா இருந்தா கதை வேற. மரத்துல இருக்குற டானின்ங்கற துவர்ப்புப் பொருளும் மேல வெச்ச பொருளோட இரும்பும் ஈரத்துல சேர்ந்தா வர்ற கருப்பு அது, பெரும்பாலும் தோசைக்கல்லோ துருப்பிடிச்ச டப்பாவோ வெச்சிருப்பீங்க. தேய்ச்சு போகாது, உள்ள எறங்கியிருக்கும். ஆக்சாலிக் ஆசிட் பவுடர வெந்நீர்ல கரைச்சு கறை மேல தடவி விடுங்க, கருப்பு வெளுத்ததும் நல்லா தண்ணி தொட்டு ரெண்டு மூணு தடவ தொடைச்சு முழுசா காய விடுங்க. அது விஷம், அதனால கிளவுஸ் கட்டாயம், கொழந்தைங்க பக்கத்துல வரக்கூடாது. ஸ்டீல் உல், அதாவது மெல்லிசான இரும்பு நார், அது மட்டும் வேண்டவே வேண்டாம், அதோட தூள் மரத்துல மாட்டி திரும்ப கரும்புள்ளி வரும்.

அப்புறம் எண்ணெய். தேங்காண்ணெய், நல்லெண்ணெய் போட சொல்றவங்கள நம்பாதீங்க, அதெல்லாம் காஞ்சு கெட்டியாகாது, பிசுபிசுன்னு தூசி ஒட்டும். பெயிண்ட் கடைல பாயில்ட் லின்சீட் ஆயில்னு கேளுங்க, சீக்கிரம் காயுற ஆளி விதை எண்ணெய் அது, பச்சையா இருக்குற ரா லின்சீட்னா காய ரொம்ப நாள் இழுக்கும். பழைய பனியன் துணில மெல்லிசா தடவி ஒரு 15 நிமிஷம் ஊற விட்டு மிச்சத்த சுத்தமா தொடைச்சிடணும், இங்க சோம்பேறித்தனம் பட்டா டேபிள் கோந்து மாதிரி ஆயிடும். மறுநாள் அடுத்த கோட், ரெண்டு மூணு கோட் போதும்.

தொடைச்ச துணிய மட்டும் சுருட்டி குப்பைல போட்டுடாதீங்க, லின்சீட் காயும்போது சூடாகும், குவிச்சு வெச்சா தானாவே தீப்பிடிக்கும். தண்ணில நனைச்சு வெளில விரிச்சு காயப்போடுங்க.

எண்ணெய் நல்லா காஞ்ச பிறகு அப்பப்ப ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க. முத்து மாதிரி நின்னா சரி, மரம் உறிஞ்சி கருத்துச்சுன்னா இன்னொரு கோட் போட்டுடுங்க.