காரில் வெல்டிங் வைக்கும்போது இசியூவைக் காப்பாற்றுவதும், பிறகு எஞ்சினைச் சீராக ஓடவைப்பதும்

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் தகடு துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து மிக் வெல்டிங் போட்டேன். ஒட்டு நன்றாகவே அமைந்தது. ஆனால் அதன்பிறகு இரண்டு வாரம், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) குலுங்குவதும் சிக்னலில் நின்றால் அணைந்துபோவதுமாக எஞ்சின் என்னைப் படாதபாடு படுத்தியது. இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். இசியூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் ஒரே ஒரு திருகுக்கு அடியில் இருந்தது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

தகடு வெட்டுவதும் ஒட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வெல்டிங்குக்கு முன்

முதலில் கண்ணாடிகளை இறக்கி, டிக்கியைத் திறந்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றியபின் சில வண்டிகளில் இவை திறக்காது. ரேடியோவுக்குப் பூட்டு எண் (code) இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை வெளியே எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், பாசிட்டிவை அடுத்து. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகும்.

உடனே வேலையைத் தொடங்காதீர்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் கொஞ்ச நேரம் தங்கும். எத்தனை நிமிடம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். நான் எப்போதும் 15 நிமிடம் விடுகிறேன். சீட்டுக்கு அடியிலோ நடுச் சுரங்கத்திலோ (இரு முன் சீட்டுகளுக்கும் நடுவே தரை மேடாக இருக்கும் இடம்) வெல்டிங் என்றால், அதன்பிறகு அந்தப் பக்கத்து ஏர்பேக், சீட்பெல்ட் பிளக்குகளையும் கழற்றுங்கள். அவற்றில் மல்டிமீட்டரின் ஓம் முள்ளை வைக்கவே கூடாது.

அடுத்து ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) ஒயர்கள், கடைசியாக இசியூ பிளக். பூட்டு நெம்புகோலை முழுதாகத் தூக்கினால் பிளக் தானாக வெளியே வரும், இழுக்க வேண்டியதில்லை. பின்களை விரலால் தொடாமல் சுத்தமான பிளாஸ்டிக் பையால் மூடி வையுங்கள். பேட்டரியில் மாட்டும் சர்ஜ் பாதுகாப்புக் கருவிகளை நம்பி இசியூவை அப்படியே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிளக்கைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும், புது இசியூவின் விலையோ சின்னதல்ல.

எர்த் கிளாம்ப்

மெஷினிலிருந்து புறப்படும் கரண்ட் கிளாம்ப் வழியாகத் திரும்பியாக வேண்டும். மெல்லிய பாடித் தகட்டுக்கே 50 ஆம்பியர் சுலபமாகப் போகும். கிளாம்ப் தூரத்திலோ பெயிண்டின் மேலோ இருந்தால் அந்தக் கரண்ட் வீல் பேரிங், கதவுக் கீல், எர்த் பட்டை, ஒயரிங் என்று கிடைத்த வழியில் பாயும். அதனால் ஒட்டப்போகும் அதே தகட்டில், ஒரு சாண் தூரத்துக்குள், பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் கிளாம்பை மாட்டுங்கள். டிக் வெல்டிங் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் ஹை ஃப்ரீக்வன்சி ஸ்டார்ட் பல ஆயிரம் வோல்ட்டில் பொறி விடுவது. லிஃப்ட் ஸ்டார்ட் (முனையைத் தகட்டில் தொட்டு எடுத்துத் தொடங்குவது) இருக்கும் மெஷினில் அதையே பயன்படுத்துங்கள்.

தகட்டின் மறுபக்கத்தைக் குனிந்து பாருங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு, கார்பெட் எதுவும் தகட்டைத் தொட்டபடி இருக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

வெல்டிங் முடிந்ததும் பிரைமர் அடித்து, காய்ந்தபின் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். அங்கேதான் தவறு நடந்தது. கால் பக்கத்துப் பாடியில் இசியூவின் எர்த் ஒயர் ஒரு திருகில் மாட்டியிருந்தது. அதையும் பிரைமருக்கு மேலேயே மாட்டி இறுக்கியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் திருகைக் கழற்றிப் பார்த்தேன். ரிங் டெர்மினல் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பிரைமர் வட்டமாக அழுந்தியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு உலோகம் பளிச்சென்று தெரிந்தது. இசியூவின் எர்த் முழுக்க அந்தக் கீறலைத்தான் நம்பியிருந்தது. இசியூ பூஜ்யம் என்று நினைக்கும் இடம் இப்படி மேலே நகர்ந்துவிட்டால், எஞ்சின் பிளாக்கில் எர்த் எடுக்கும் சென்சார்களின் அளவு அதற்குத் தவறாகத் தெரியும்.

உங்கள் வண்டியில் இதைச் சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளிப்பில் அல்ல. மறுமுள் எர்த் ரிங்கில். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஃபேனும் எரியட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் சரியில்லை. எனக்கு 0.8 காட்டியது. வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கியதும் 0.05க்கு இறங்கியது. முதலில் சுரண்டி மாட்டி இறுக்குங்கள். பெயிண்டை அதன்பிறகு மேலே தடவிக்கொள்ளலாம். எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் இதேபோல் பாருங்கள்.

ஐடிலைத் திரும்பக் கற்றுக்கொடுப்பது

இசியூ, ஆல்டர்னேட்டர் பிளக்குகளை மாட்டியபின் பேட்டரிக்கு வாருங்கள். இப்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கரண்ட் இல்லாமல் இருந்ததால் பல வண்டிகளில் இசியூ ஐடில் அளவையும் ஃப்யூல் டிரிம்மையும் (பெட்ரோல் அளவில் அது செய்துகொள்ளும் திருத்தம்) மறந்திருக்கும். ஏசி, லைட் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவியை ஆனில் 30 நொடி வைத்து, ஆஃப் செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஐடிலிலேயே விடுங்கள். பிறகு ஏசியைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். கடைசியாக, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இது பொது முறைதான். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே செய்யுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் வால்வு) உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனர் இல்லாமல் முடியாது.

இசியூவில் பதிவாகும் பிழைக் குறிகளைப் படிக்கும் எளிய ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம் 10 சதவீதத்துக்குள், கூடவோ குறையவோ இருந்தால் கவலை இல்லை. 20ஐத் தாண்டி பி0171 என்ற பிழைக் குறியும் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள்) வந்தால், காற்றுக் குழாய் எங்காவது கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

படித்தவர்கள் சிலர் கேட்டார்கள்: மெமரி போகாமல் இருக்க 9 வோல்ட் மெமரி சேவரை மாட்டிவிட்டு வெல்டிங் செய்யலாமா? கூடாது. எந்த ஒயர்களில் கரண்ட் இருக்கக் கூடாது என்று பேட்டரியைக் கழற்றினோமோ, அவற்றுக்கே அது கரண்ட் கொடுக்கிறது.

எர்த்தும் சரி, ஐடிலும் கற்றுக்கொடுத்தாயிற்று, ஆனாலும் வண்டி அணைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். த்ராட்டில் பாடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன், உள்ளே கார்பன் படிந்திருந்தது. கார்பன் சேரச் சேர இசியூ த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து சமாளித்துவந்திருக்கும். மெமரி அழிந்ததும் அது ஆரம்ப அளவுக்கே போய்விட, காற்று போதவில்லை. த்ராட்டில் கிளீனரால் துடைத்து, ஐடிலை மறுபடி கற்றுக்கொடுத்ததும் சரியாகிவிட்டது. பட்டாம்பூச்சி வால்வைக் கையால் தள்ளாமல், துணியை நனைத்துத் துடையுங்கள்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, உயர் வோல்டேஜ் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.