முள்ளெலும்பு மஜ்ஜையின் கொழுப்பை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் எம்ஆர்ஐ அறைக்குப் புதிதாக வந்த இருவர் போன வாரம் தங்கள் முதல் அளவீடுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாக்களிடம் பேசுவது, அசையாமல் படுக்கவைப்பது எல்லாம் தானாகப் பழகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரலின் சூத்திரத்தை முதுகெலும்புக்குப் போடுவது

கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன் நீரிலுள்ளதைவிடச் சற்று மெதுவாகச் சுழல்கிறது. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அந்த வித்தியாசம் நொடிக்குச் சுமார் 220 சுற்று. அதனால் 2.3 மில்லிநொடியில் இரண்டின் சிக்னலும் எதிரெதிராக நிற்கும், 4.6-இல் ஒன்றுசேரும். 1984-இல் டிக்ஸன் வெளியிட்ட முறைக்கு இதுவே அடிப்படை. அந்த இரு நேரங்களில் எடுத்த படங்களின் வித்தியாசத்தை, சிக்னல் ஒன்றுசேர்ந்த படத்தின் இருமடங்கால் வகுத்தால் கொழுப்பின் பங்கு வரும். ஈரலில் கொழுப்பு பாதியைத் தாண்டுவது அரிது என்பதால் அங்கே இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

மஜ்ஜையின் கதை வேறு. வயது ஏற ஏறச் சிவப்பு மஜ்ஜை குறைந்து கொழுப்பு கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது வேகமெடுக்கும். 65 பங்கு கொழுப்பும் 35 பங்கு நீரும் இருந்தால், சிக்னல்கள் எதிரெதிராக நிற்கும் படத்தில் மிஞ்சுவது 30. 35 பங்கு கொழுப்பும் 65 பங்கு நீரும் இருந்தாலும் அதே 30தான். எது பெரியது என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. 65 என்பதைச் சூத்திரம் 35 என்று மடித்துக் கொடுத்துவிடும்.

வியாசர்பாடியிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, அந்தக் குழாய்க்குள் பொறுமையாகப் படுத்திருந்த பாட்டிகளை நான் இப்படித்தான் அளந்தேன். லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்த ஒருவருக்கு, முப்பது வயதுப் பெண்ணின் மஜ்ஜை என்று எழுதினேன். எலும்பு மெலிவுக்கும் கொழுப்புக்கும் தொடர்பில்லை என்று அறிக்கையும் தயாராகிவிட்டது. மூத்த இயற்பியலாளர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒருவருடைய கொழுப்புகூட ஐம்பது சதவீதத்தைத் தாண்டவில்லையே, ஏன்?" என்று கேட்டார். சிக்னலின் திசையைக் காட்டும் பேஸ் தரவை நாங்கள் சேமிக்கவே இல்லை. எல்லோரையும் மறுபடி அழைத்தோம். இருவரால் வர முடியவில்லை. அவர்கள் கொடுத்த பொழுதை வீணடித்தது இன்றும் எனக்கு ஆறவில்லை. புதியவர்களின் பட்டியலும் 48-ஓடு நின்றதைப் பார்த்ததும் கோபம் வந்தது அதனால்தான்.

பேஸ் தரவோடு ஆறு எதிரொலிகள், அதாவது ஆறு வெவ்வேறு நேரங்களில் சிக்னல், எடுங்கள். மஜ்ஜைக்குள் பின்னிக் கிடக்கும் எலும்பு இழைகள் சிக்னலை வேகமாகத் தேயவைக்கும். அந்தத் தேய்வையும் கணக்கில் சேருங்கள். கொழுப்பின் அலைவரிசையில் ஒரே உச்சம் என்று வைக்காமல் பல உச்சங்களாக எடுங்கள். ரேடியோ துடிப்பு ஹைட்ரஜனைச் சாய்க்கும் பிளிப் கோணம் 3 டிகிரி அளவில் இருக்கட்டும். கூட்டினால் கொழுப்பு மிகையாகத் தெரியும்.

நீரும் கொழுப்பும் இடம் மாறுவது

கணக்கீடு இரண்டையும் மாற்றிக் குறித்துவிட்டதா என்று அறிய, முதுகின் தோலடிக் கொழுப்பைப் பாருங்கள். அது நூறு சதவீதத்தை ஒட்டி வராவிட்டால் அந்தக் கொழுப்பு வரைபடத்தை நம்பாதீர்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் அளப்பது

கூடாது.

வட்டத்தைப் பெரிதாகப் போடுவது

முள்ளெலும்பின் விளிம்புத் தட்டுகள், பின்புறமுள்ள சிரை, ஹெமாஞ்சியோமா (ரத்தக்குழாய்க் கட்டி) எதுவும், அளக்கப் படத்தில் வரையும் வட்டத்துக்குள் வரக்கூடாது.

எந்த எலும்பு என்று எழுதாதது

இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவதான எல்1-இலிருந்து கீழே போகப் போகக் கொழுப்பு பொதுவாகக் கூடும். ஒருவருக்கு எல்2, இன்னொருவருக்கு எல்5 என்று அளந்து ஒப்பிட்டால் வித்தியாசம் ஆளுடையதா எலும்புடையதா என்று பிரிக்க முடியாது. முன்பு கதிர்வீச்சு சிகிச்சை நடந்ததா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கதிர் பட்ட முள்ளெலும்புகளின் மஜ்ஜை கொழுப்பாக மாறியிருக்கும்.